கால் சதுர மைலில் ஒரு குடும்பம்

கேள்வி இது: "என் மகள் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துப் பக்கத்துப் பையனைக் கல்யாணம் செய்திருக்கிறாள். மருமகனின் கொள்ளுத் தாத்தா நூறு வருடத்துக்கு முன்னால் ஆஸ்திரியாவிலிருந்து வந்து ஹோம்ஸ்டெட் நிலம் எடுத்தார் என்கிறார்கள். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. குடும்பப் பெயரையே மூன்று பேர் மூன்று விதமாக எழுதுகிறார்கள். பேத்திக்கு அவள் அப்பா வழிக் கதையை எழுதி வைக்க ஆசை. இணையத்தில் பெயரைப் போட்டால் நூறு பேர் வந்து நிற்கிறார்கள். எங்கே தொடங்குவது?"

முதலில் பெயரைப் போட்டுத் தேடுவதை நிறுத்துங்கள். இந்த வேலையில் கடைசியாக நம்ப வேண்டியது பெயரைத்தான். நில அலுவலக எழுத்தர் காதில் விழுந்தபடி ஒன்று எழுதியிருப்பார், பள்ளிக்கூட வாத்தியார் வேறொன்று எழுதியிருப்பார், பிள்ளைகள் தலையெடுத்ததும் வாலை நறுக்கிச் சுருக்கியிருப்பார்கள். நிலத்துக்கு அந்தக் கதி இல்லை. அன்றைக்கு அளந்து எண் போட்ட நிலம் இன்றைக்கும் அதே எண்ணில்தான் கிடக்கிறது. அந்த எண்ணைப் பிடித்துவிட்டால் ஆள் பின்னாலேயே வருவார். பதினைந்து வருடமாக அடுத்தவர் வீட்டுப் பழைய காகிதங்களைக் கிளறிக்கொண்டிருப்பவன் நான். பெயரை நம்பி நான் கெட்ட கதையைப் பிறகு சொல்கிறேன்.

நிலம் எப்படிக் கைக்கு வந்தது என்று தெரிந்தால்தான் காகிதம் எங்கே விழுந்திருக்கும் என்று ஊகிக்க முடியும். கனடாவின் மேற்குப் பரப்பு ஹட்சன் பே என்ற ஆங்கிலேய வணிகக் கம்பெனியின் பிடியில் இருந்தது. 1870-ல் அது 3 லட்சம் பவுண்டுக்குக் கனடா அரசின் கைக்கு மாறியது. இரண்டே வருடத்தில், 1872-ல், டொமினியன் நிலச் சட்டம் வந்தது. 10 டாலர் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர். இப்படி எடுத்த நிலம்தான் ஹோம்ஸ்டெட். ஆனால் கட்டியதும் நிலம் சொந்தமாகிவிடாது. மூன்று வருடம், வருடத்துக்கு ஆறு மாதமாவது அங்கே குடியிருக்க வேண்டும். ஒரு வீடு கட்ட வேண்டும். ஏர் படாத புல்வெளியில் இத்தனை ஏக்கர் என்று உடைத்துப் பயிர் வைக்க வேண்டும். அதையெல்லாம் செய்தேன் என்று சத்தியம் செய்து, அக்கம்பக்கத்துக்காரர் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டி வந்தால்தான் பட்டா. ஆங்கிலத்தில் அதற்கு 'லெட்டர்ஸ் பேட்டன்ட்' என்று பெயர். நமக்குப் பட்டா என்ற சொல்லே போதும்.

இந்த நிபந்தனைகள்தான் உங்களுக்குக் கிடைத்த வரம். சும்மா விற்றிருந்தால் ஒரு ரசீதோடு கதை முடிந்திருக்கும். குடியிருந்தாயா, உழுதாயா, எத்தனை மாடு, எத்தனை பிள்ளை என்று அரசாங்கம் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு கோப்பு உருவானது.

இப்போது எண்ணைப் படிக்கப் பழகுவோம். வீட்டில் பழைய வரி ரசீதோ உயிலோ இருந்தால் அதில் 'என்.ஈ. 22-30-4-டபிள்யூ2' என்பதுபோல ஒன்று இருக்கும். முதலில் பார்த்தால் பூட்டுச் சாவி எண் போல இருக்கும்; உண்மையில் அது ஒரு முழு விலாசம். அதைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். டபிள்யூ2 என்றால் இரண்டாவது மெரிடியனுக்கு மேற்கே. மெரிடியன் என்பது வடக்கு தெற்காக ஓடும் அளவைக் கோடு. முதல் மெரிடியன் வின்னிபெக் நகரத்துக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. இரண்டாவது 102 பாகை மேற்கில், மூன்றாவது 106-ல், நான்காவது 110-ல். அந்த நான்காவதுதான் இன்றைய சஸ்காச்சுவான்–ஆல்பர்ட்டா எல்லை. அடுத்து 4 என்பது ரேஞ்ச், அதாவது அந்தக் கோட்டிலிருந்து மேற்கே நான்காவது பத்தி. 30 என்பது டவுன்ஷிப், அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே முப்பதாவது கட்டம். ஒரு கட்டம் ஆறு மைலுக்கு ஆறு மைல். ஆக இந்த நிலம் எல்லையிலிருந்து சுமார் 175 மைல் வடக்கே, கனோரா ஊர் வட்டாரத்தில் இருக்கிறது.

ஒரு டவுன்ஷிப்புக்குள் ஒரு சதுர மைல் அளவில் 36 செக்‌ஷன். எண் தென்கிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே போய், 6 முடிந்ததும் மேலே ஏறிக் கிழக்கே திரும்பி, அப்படியே வளைந்து வளைந்து வடகிழக்கு மூலையில் 36-ல் முடியும். ஏர் ஓட்டுகிறவர் வரப்போரம் மாட்டைத் திருப்புவாரே, அதே போக்கு. (எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவில் எண் வடகிழக்கு மூலையில் தொடங்கும். இரண்டு நாட்டிலும் நிலம் எடுத்த குடும்பங்களில் இதைக் குழப்பிக்கொண்டு தவறான வயலில் போய் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.) ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், அதன் கால் பங்கு 160. என்.ஈ. 22 என்றால் 22-ஆவது செக்‌ஷனின் வடகிழக்குக் கால். உங்கள் மருமகன் குடும்பத்தின் கதை அந்தக் கால் சதுர மைலுக்குள்தான் இருக்கிறது.

எண்ணைப் பார்த்த மாத்திரத்திலேயே இன்னொன்றும் தெரியும். ஹோம்ஸ்டெட்டுக்கு என்று விட்டது இரட்டைப்படை செக்‌ஷன்களை. ஒற்றைப்படை பெரும்பாலும் ரயில்வே கம்பெனிகளுக்குப் போனது. 11-உம் 29-உம் பள்ளிக்கூட நிலம். 8-உம் 26-இல் பெரும்பகுதியும் ஹட்சன் பே கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. எனவே குடும்பத்தில் சொல்லும் நிலம் செக்‌ஷன் 8-ல் இருந்தால் அது ஹோம்ஸ்டெட்டாக இருக்க வாய்ப்பில்லை, காசு கொடுத்து வாங்கியது. 1908-ல் சட்டம் மாறி மீதமிருந்த ஒற்றைப்படை நிலங்களும் திறந்துவிடப்பட்டன. அதனால் ஒற்றைப்படை என்றாலே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. எந்த வருடம் என்று பார்க்க வேண்டும்.

சரி, வீட்டில் எண்ணே இல்லை என்றால்? அதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்தக் காலத்தில் கனடா முழுக்கப் பத்து வருடத்துக்கு ஒரு கணக்கெடுப்பு எடுத்தார்கள். மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மூன்றுக்கும் மட்டும் இடையில் 1906, 1916, 1926 என்று தனியாகவும் எடுத்தார்கள். ஜனம் வந்து குவிந்த வேகம் அப்படி. உங்களுக்குத் தங்கச் சுரங்கம் 1906. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச், மெரிடியன் எழுதியிருக்கும். எந்த வருடம் கனடாவுக்கு வந்தார்கள், எந்தத் தபால் நிலையம் என்று இருக்கும். எத்தனை குதிரை, எத்தனை கறவை மாடு, எத்தனை பன்றி என்றுகூட இருக்கும். 92 வருடம் கழித்துத்தான் கணக்கெடுப்பைப் பொதுமக்கள் பார்க்க விடுவார்கள். 1931-ன் ஏடுகள் 2023-ல் திறந்தன. எல்லாமே கனடா நூலகம் மற்றும் ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். பணம் கட்டச் சொல்லும் தளங்களுக்குப் போகும் முன் இங்கே பாருங்கள்.

தேடும்போது குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதல் பெயர், வயது, பிறந்த நாடு, பிள்ளைகளின் பெயர் வரிசை இவற்றை வைத்துத் தேடுங்கள். அப்பா ஸ்டீபன், அம்மா அன்னா, பிள்ளைகள் மேரி, நிக்கோலஸ், வாசில் என்ற வரிசை ஒரு கைரேகை மாதிரி. குடும்பப் பெயர் எப்படிச் சிதைந்திருந்தாலும் வரிசை காட்டிக்கொடுத்துவிடும். அப்படியும் சிக்காவிட்டால் அந்த வட்டாரத்தின் ஏடுகளை முதல் பக்கத்திலிருந்து புரட்டுங்கள். ஒரு கணக்கெடுப்பாளர் சுற்றிய பகுதிக்குச் சில பத்துப் பக்கங்கள்தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

எண் கிடைத்ததும் இரண்டு இடங்களில் தேட வேண்டும். ஒன்று, கனடா ஆவணக் காப்பகத்தின் மேற்குக் கனடா நில மானியப் பட்டியல், 1870 முதல் 1930 வரை. இதில் நில எண்ணைக் கொடுத்தே தேடலாம். ஆனால் கவனம்: இதில் இருப்பவர்கள் பட்டா வாங்கியவர்கள் மட்டும். ஹோம்ஸ்டெட் எடுத்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவுக்கு மூன்று வருடத்தைத் தாண்டாமல் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அதனால் "பட்டியலில் பேரே இல்லை, வீட்டில் கதை விட்டிருக்கிறார்கள்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரண்டாவது இடம் சஸ்காச்சுவான் ஹோம்ஸ்டெட் அட்டவணை. சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம் பதிவுகள். பட்டா வாங்கியவர், கைவிட்டவர், பறிகொடுத்தவர் எல்லோரும் இதில் உண்டு. ஒரே கால் செக்‌ஷனுக்கு மூன்று நான்கு பேர் வரிசையாக வருவதும் சகஜம். முதல் ஆள் ஒரு குளிர்காலத்தில் ஓடிவிடுவார், அடுத்தவர் இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பார், மூன்றாமவர் பட்டா வாங்குவார். 1930-ல் மத்திய அரசு நிலங்களை மாகாணங்களிடம் ஒப்படைத்தது. சஸ்காச்சுவானில் அந்தப் பழைய கோப்புகள் இப்போது மாகாண ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அட்டவணையில் உள்ள கோப்பு எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பட்டாவின் நகலைக் கேட்டு ஏமாறாதீர்கள், அது ஒரு பக்கம். 'முழுக் கோப்பு' என்று கேளுங்கள்.

அந்தக் கோப்பில் என்னதான் இருக்கும் என்பதற்கு என் கையில் புரண்ட ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பதினெட்டுத் தாள். முதலில் நிலம் எடுத்த நாள் விண்ணப்பம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் எழுத்தர் 'இன்னாரின் குறி' என்று எழுதியிருக்கிறார். பிறகு பட்டா கேட்டுக் கொடுத்த வாக்குமூலம், அச்சடித்த கேள்விகளுக்குப் பேனாவில் பதில். மர வீடு, 14-க்கு 20 அடி, மதிப்பு 75 டாலர். மாட்டுக் கொட்டகை ஒன்று. கிணறு ஒன்று. முதல் வருடம் 3 ஏக்கர் உடைத்தது, பயிர் இல்லை. இரண்டாம் வருடம் இன்னும் 6 ஏக்கர், பயிர் 3. அடுத்த வருடம் 8. உழவு மாடு இரண்டு, பசு ஒன்று. மூன்றாம் வருடத்தில் பசு மூன்று. குடும்பம்: மனைவி, பிள்ளைகள் நான்கு.

அதற்குப் பின்னால் ஒரு கடிதம். குளிர்காலங்களில் நீ நிலத்தில் இல்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறாரே, என்ன பதில் என்று நில அலுவலகம் கேட்கிறது. பதில் வேறு யாரோ எழுதிக் கொடுத்த ஆங்கிலம்: ரயில்பாதை வேலைக்குப் போனேன், மாவு வாங்கக் காசில்லை, மனைவியும் பிள்ளைகளும் நிலத்திலேயேதான் இருந்தார்கள். இவ்வளவுதான். அந்த ஆறு மாதக் குளிரில், 14-க்கு 20 அடி வீட்டில், நான்கு பிள்ளைகளோடு அந்த அம்மா தனியாக இருந்திருக்கிறாள். கோப்பு முழுக்க அவள் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. 'மனைவி' என்ற ஒரு சொல்தான். அவருடைய கொள்ளுப்பேத்தியிடம் அந்தத் தாளைக் கொடுத்தபோது நிலத்தின் பரப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. பசு ஒன்றிலிருந்து மூன்றான வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

கோப்பில் தவறாமல் தேட வேண்டிய இன்னொரு தாள், குடியுரிமைச் சான்றிதழ். அந்நியர் பட்டா வாங்க வேண்டுமென்றால் பிரிட்டிஷ் பிரஜையாக மாறியிருக்க வேண்டும். அதற்கான சான்றிதழ் அல்லது அதன் நகல் பெரும்பாலும் கோப்பிலேயே இருக்கும். 1917 வரையிலான குடியுரிமைக் கோப்புகளின் மூலப் பிரதிகள் அழிந்துவிட்டன, பெயர் அட்டைகள் மட்டும் தப்பின. அதனால் நிலக் கோப்பில் ஒட்டிக்கொண்டு வந்த அந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

சாட்சி சொன்ன இரண்டு பேரை மறக்காதீர்கள். ஆரம்பத்தில் நான் அவர்களைத் தாண்டிப் போய்விடுவேன். அது பெரிய முட்டாள்தனம். அந்தக் காலத்தில் யாரும் தெரியாத ஆள் பக்கத்தில் போய் நிலம் எடுக்கவில்லை. அண்ணன் ஒரு கால் செக்‌ஷன், மச்சான் பக்கத்துக் கால், ஒரே கப்பலில் வந்தவன் எதிர்க் கால் என்றுதான் அமைந்தார்கள். பக்கத்து எட்டு நிலங்களின் பெயர்களையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். உங்கள் ஆளின் சொந்த ஊர் எந்தக் காகிதத்திலும் இல்லாமல், சாட்சிக்காரரின் கல்லறைக் கல்லில் கிடைத்த கதைகள் நிறைய உண்டு.

நான் கெட்ட கதை இங்கேதான் வருகிறது. ஒரே பெயர், ஒரே வயது, ஒரே வட்டாரம் என்று ஓர் ஆளை எட்டு மாதம் துரத்தினேன். கப்பல் பட்டியல், கல்யாணப் பதிவு, பிள்ளைகள் எல்லாம் சேர்த்து ஒரு வம்ச விளக்கப்படமும் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிறகு நில எண்ணைப் பொருத்திப் பார்த்தால் அவர் செக்‌ஷன் 16-ல் இருக்கிறார். எனக்கு வேண்டியவர் 18-ல். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும், இருவருக்கும் தாத்தாவின் பெயர். படத்தைக் கிழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அன்றிலிருந்து எந்தக் காகிதம் கிடைத்தாலும் நில எண்ணோடு ஒட்டுகிறதா என்று பார்க்காமல் ஏற்றுக்கொள்வதில்லை. இணையத்தில் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் வம்ச மரங்களிலும் இதே தப்புதான், நகலெடுத்து நகலெடுத்துப் பரவியிருக்கும்.

இனி அந்த 'ஆஸ்திரியா'. உங்கள் மருமகனின் கொள்ளுத் தாத்தா வியன்னாவில் வால்ட்ஸ் ஆடியவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1918 வரை கலீசியாவும் புக்கோவினாவும் ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசின் மாகாணங்கள். அங்கிருந்து வந்த உக்ரைனியர், போலந்துக்காரர், ருமேனியர், யூதர், ஜெர்மானியர் எல்லோரையும் கனடாவில் எழுத்தர்கள் ஆஸ்திரியர் என்றோ, கலீசியர் என்றோ, ருத்தேனியர் என்றோ எழுதினார்கள். ஒரே ஆள் 1906-ல் ஆஸ்திரியர், 1916-ல் கலீசியர், 1921-ல் உக்ரைனியர் என்று மாறுவார். ஆள் மாறவில்லை, பட்டம்தான் மாறியது. கலீசியாவிலிருந்து முதலில் வந்ததாகச் சொல்லப்படும் இவான் பிலிப்பிவ், வாசில் எலெனியாக் இருவரும் 1891-ல் வந்தார்கள். 1896-ல் கிளிஃபோர்டு சிஃப்டன் உள்துறை அமைச்சரான பிறகு கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். முதல் உலகப் போர் வந்ததும் அதே 'ஆஸ்திரியர்' என்ற பட்டம் அவர்களை எதிரி நாட்டவராக்கியது. சுமார் 80 ஆயிரம் பேர் பதிவு செய்துகொண்டு அவ்வப்போது போய்த் தலையைக் காட்ட வேண்டியிருந்தது. 8 ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். குடும்பத்தில் அந்த வருடங்களைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அதற்கு இது காரணமாக இருக்கலாம். மருமகனின் பெரியவர்களிடம் கேட்கும்போது கொஞ்சம் பக்குவமாகக் கேளுங்கள்.

கப்பல் பட்டியலுக்கு வருவோம். "துறைமுகத்தில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார்" என்று எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். அநேகமாக அது நடக்கவில்லை. பட்டியலை எழுதியது கப்பல் கம்பெனி, அதுவும் ஏறிய இடத்தில். கனடாவில் இறங்கியபோது அதிகாரி அதைச் சரிபார்த்ததோடு சரி. பெயர் மாறியது எல்லாம் அதற்கப்புறம்தான். கியூபெக் துறைமுகப் பட்டியல்கள் 1865 முதல், ஹாலிஃபாக்ஸ் 1881 முதல் இருக்கின்றன. ஆனால் இவற்றில் ஊர்ப்பெயர் கிடைப்பது அரிது. ஏறிய துறைமுகத்தின் பட்டியலைப் பாருங்கள். ஹாம்பர்க்கில் ஏறியிருந்தால் அதிர்ஷ்டம்: 1850 முதல் 1934 வரையிலான ஹாம்பர்க் பட்டியல்களில் கடைசியாக வசித்த ஊர் எழுதியிருக்கும். பிரேமனில் ஏறியிருந்தால் சங்கடம், அங்கே பெரும்பாலான பட்டியல்கள் போய்விட்டன. அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டு நிலத்துக்காக வடக்கே வந்தவர்கள் என்றால் 1908 ஏப்ரலுக்கு முன் தரை வழியாக எல்லை தாண்டியதற்குப் பதிவே கிடையாது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஊர்ப்பெயர் தெரியாமல் ஐரோப்பிய ஏடுகளுக்குப் போக வேண்டாம். கலீசியாவில் ஒரே பெயரில் பல கிராமங்கள் உண்டு. கிராமமும் அது சேர்ந்த மாவட்டமும் சேர்ந்து தெரிந்தால்தான் தேவாலயப் பதிவேடு அகப்படும். அதிலும் எழுத்து லத்தீனில் இருக்கும். ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் மூன்றுக்கும் சேர்த்து முப்பது லத்தீன் சொற்கள் தெரிந்தால் போதும், பயப்பட வேண்டாம். ஊர்ப்பெயருக்கு நான் முதலில் தட்டும் கதவு, சஸ்காச்சுவானில் அவர்கள் போன கிராமத்துத் தேவாலயம். அடுத்தது போர்வீரர் கோப்பு. குடும்பத்தில் யாராவது முதல் உலகப் போருக்குக் கனடாப் படையில் சேர்ந்திருந்தால் அவருடைய முழுக் கோப்பும் இணையத்தில் இலவசம். சேர்ந்த நாளில் நிரப்பிய தாளில் பிறந்த இடமும் நெருங்கிய உறவினரும் இருக்கும்.

மறைந்துபோன ஊர்கள் ஒரு தனித் தலைவலி. "தாத்தாவின் ஊர்" என்று அவர்கள் சொல்வது ஊராகவே இருந்திருக்காது. ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் நடந்த தபால் நிலையத்தின் பெயராக இருக்கும். அந்த ஆள் நிலத்தை விற்றுவிட்டுப் போனதும் பெயரும் வரைபடத்திலிருந்து போய்விடும். இதற்கு ஆவணக் காப்பகத்தில் தபால் நிலையங்கள், தபால் அதிகாரிகள் பட்டியல் இருக்கிறது. எந்த செக்‌ஷனில் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை நடந்தது என்று பார்க்கலாம். 1905 செப்டம்பர் 1-க்கு முன் சஸ்காச்சுவான் என்ற மாகாணமே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய காகிதத்தில் 'அசினிபோயா, வடமேற்குப் பிரதேசங்கள்' என்று இருந்தால் அது வேறு இடம் அல்ல.

உள்ளூர் வரலாற்றுப் புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1980-ல் மாகாணத்துக்கு 75 வயது நிறைந்ததை ஒட்டிக் கிராமம் கிராமமாகப் புத்தகம் போட்டார்கள். குண்டு குண்டான புத்தகங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரைப் பக்கம், ஒரு படம். பொது நூலகங்களில் கிடைக்கும், பல இணையத்திலும் உண்டு. கட்டாயம் படியுங்கள், ஆனால் பாதிதான் நம்புங்கள். தங்கள் குடும்பத்தைப் பற்றித் தாங்களே எழுதியது. சண்டை, கடன், தற்கொலை, ஓடிப்போன மகள் எதுவும் இருக்காது. வருடங்கள் இரண்டு மூன்று முன்பின் இருக்கும். படங்களும் அக்கம்பக்கத்தார் பெயர்களும்தான் அவற்றில் தேறுவது. அதைவிட எனக்குப் பிடித்தது 1950-களில் சஸ்காச்சுவான் ஆவணக் காப்பகம் முன்னோடிக் குடியேறிகளுக்கு அனுப்பிய கேள்வித்தாள்கள். என்ன சாப்பிட்டீர்கள், பள்ளிக்கூடம் எப்படி நடந்தது, நோய் வந்தால் என்ன செய்தீர்கள் என்று கேட்டு, வந்த பதில்களை அப்படியே வைத்திருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தின் பதில் இல்லாவிட்டாலும் பக்கத்து டவுன்ஷிப்காரர் யாராவது எழுதியிருப்பார். உங்கள் எழுத்துக்கு உயிர் அதிலிருந்துதான் வரும்.

பெண்களைத் தேடுவது வேறு வேலை. கணவன் உள்ள பெண்ணுக்கு ஹோம்ஸ்டெட் எடுக்க உரிமை இல்லை. பிள்ளைகளோடு தனித்துக் குடும்பம் நடத்திய விதவை எடுக்கலாம். எனவே ஒரு பெண்ணின் பெயரில் கோப்பு இருந்தால் கணவரின் மரணத்தை அதற்கு முந்தைய வருடங்களில் தேடுங்கள். மற்றபடி மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் பிள்ளைகளின் பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவுகளில்தான் வரும். ஒரு பிள்ளையின் பதிவில் இல்லையென்றால் அடுத்த பிள்ளையுடையதைப் பாருங்கள். ஏழு பிள்ளை என்றால் ஏழையும். 1915 முதல் சஸ்காச்சுவானில் குடியிருக்கும் நிலத்தை விற்க மனைவியின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் வந்தது. அதனால் அதற்குப் பிந்தைய விற்பனைக் காகிதங்களில் முதன்முறையாக அவள் கையெழுத்தைப் பார்க்கலாம்.

பட்டாவுக்குப் பிறகு நிலத்தின் கதை மாகாண உரிமைப் பதிவேட்டுக்கு மாறிவிடும். அடமானம், விற்பனை, மகன்களுக்குப் பிரித்துக்கொடுத்தது எல்லாம் அங்கே. 1930-களின் வறட்சியில் எத்தனை குடும்பம் வடக்கே இடம் பெயர்ந்தது என்பதை இந்த ஏடுகளில் வருடவாரியாகப் பார்க்கலாம். இதில் ஆழமாக இறங்க வேண்டாம்; உயிலும் வாரிசுக் கோப்பும் மட்டும் எடுத்தால் போதும். மரபணுச் சோதனை பற்றிக் கேட்பீர்கள். காகிதம் முட்டி நிற்கும் இடத்தில் அது உதவும், தொடக்கத்தில் அல்ல. அதுவும் மருமகனின் சம்மதம், அவர் அத்தை மாமாக்களின் சம்மதம் எல்லாம் வேண்டிய விஷயம்.

அப்புறம் ஒன்று. பேத்திக்கு எழுதும்போது 'யாருமில்லாத வெறும் நிலத்துக்கு வந்தார்கள்' என்று தொடங்கிவிடாதீர்கள். ஊர்ப் புத்தகங்கள் அநேகமாக அப்படித்தான் தொடங்கும். நிலம் வெறுமையாக இல்லை. 1874-ன் நான்காம் ஒப்பந்தமும் 1876-ன் ஆறாம் ஒப்பந்தமும் கிரீ, சால்ட்டோ முதலிய பூர்வகுடி மக்களோடு அரசு செய்தவை. சஸ்காச்சுவானின் பெரும்பகுதி அவற்றுக்குள் வருகிறது. பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வம்சமான மெட்டி மக்களுக்கு நிலத்துக்குப் பதிலாகக் கொடுத்த 'ஸ்கிரிப்' சீட்டுகள் கைமாறிக் கைமாறி வியாபாரிகளிடம் போன கதையும் அதே ஹோம்ஸ்டெட் அட்டவணையில் பதிவாகியிருக்கிறது. உங்கள் கால் செக்‌ஷன் எந்த ஒப்பந்தப் பகுதியில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். கோப்பின் முதல் தாளுக்கு முந்தைய தாள் அது.

எல்லாம் சேர்ந்ததும் அந்த இடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள், பேத்தியையும் கூட்டிக்கொண்டு. இன்று அது வேறு யாரோ ஒருவரின் கோதுமையோ கனோலாவோ விளையும் வயலாக இருக்கும். கேட்காமல் கால் வைக்காதீர்கள். கிராமப்புற நகராட்சிகள் நில உரிமையாளர் பெயர் போட்ட வரைபடம் விற்கும், அதை வாங்கி முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிடுங்கள். அநேகம் பேர் தாங்களே டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து காட்டுவார்கள். வீடு இப்போது இருக்காது. நேர்க்கோட்டில் நிற்கும் கராகானா புதர் வேலி, கவனிப்பாரின்றிப் பூக்கும் லைலாக் புதர், யாரும் பறிக்காமல் கிடக்கும் ருபார்ப் செடி இவற்றைத் தேடுங்கள். புல்வெளியில் இவை தானாக முளைப்பதில்லை, யாரோ வாசலில் வைத்தவை. அதன் பக்கத்தில் தரை சதுரமாக உள்வாங்கியிருந்தால் அது நிலவறைப் பள்ளம். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ போனால் லைலாக் பூத்திருக்கும், பள்ளமும் கண்ணுக்குத் தெரியும். ஜூலையில் பயிரும் புல்லும் இடுப்பளவு ஏறிவிடும்.